இலக்கியத் தீயோர் நம்மை ஈர்ப்பது ஏன்?

முன்னுரை



சென்ற ஆண்டு இலக்கிய மன்ற விழாவிற்காகக் கம்பராமாயணத்தின் மந்தரை சூழ்ச்சிப் படலத்தைச் சிறு நாடகமாக்கி, வகுப்பில் பாத்திரங்களைப் பங்கிட்டேன். கைகேயி வேடத்திற்கு ஆறு பேர் கை உயர்த்தினர். கோசலைக்கு நால்வர். “கூனியாக நடிப்பது யார்?” என்று கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி மட்டும் எழுந்து, “எனக்குக் கூனி வேடம் கொடுங்கள், டீச்சர்” என்றாள். தோழியர் கொல்லென்று சிரித்தனர். காரணம் கேட்டேன். “கதையை நடத்துகிறவள் அவள்தானே, டீச்சர்! அவள் வாயைத் திறக்காவிட்டால் இராமாயணம் அயோத்தியிலேயே முடிந்துவிடுமே” என்றாள்.

விழாவன்று அவளுக்குத்தான் கைதட்டல் மிகுதி. ஆனால், ஒப்பனையைக் கலைத்துவிட்டு என்னிடம் வந்தபோது அவள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. “பேசப் பேச, கூனி சொல்வது நியாயந்தானே என்று எனக்கே தோன்றிவிட்டது. பயமாக இருந்தது, டீச்சர்” என்றாள்.

அந்தப் பயம் நல்ல பயம். அது எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கதைகளில் வரும் நல்லவர்களை நாம் வணங்குகிறோம். தீயவர்களையோ மறக்க முடியாமல் தவிக்கிறோம். ஏன்? சில பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

கூனி: அன்பின் வழியே நுழைந்தவள்

கூனியை நாம் பொதுவாகப் பொறாமைக்காரி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கம்பர் அவ்வாறு முடிக்கவில்லை. இராமன் சிறுவனாக இருந்தபோது விளையாட்டாக வில்லுண்டையை அவள்மீது எறிந்தான் என்றும், அதை அவள் நெஞ்சில் வைத்திருந்தாள் என்றும் ஒரு சிறு காரணத்தைக் காட்டுகிறார். எய்தவன் மறந்துவிட்டான், பட்டவள் மறக்கவில்லை.

இராமனுக்கு முடிசூட்டு விழா என்று கேட்டதும் கைகேயி மகிழ்கிறாள். செய்தி கொண்டுவந்த கூனிக்கே மணிமாலையைப் பரிசாகக் கொடுக்கிறாள். கூனி அதைத் தரையில் வீசி எறிகிறாள். கைகேயி அவளை அதட்டுகிறாள். நாவை அறுப்பேன் என்ற அளவுக்குச் சினக்கிறாள். இந்த இடத்தில் கூனி தோற்றுத்தான் போயிருக்க வேண்டும். அரசி எங்கே, பணிப்பெண் எங்கே!

அவள் தோற்காததற்குக் காரணம் என்ன? இராமனைப் பற்றி இழிவாகப் பேசிப் பயனில்லை என்பதை அவள் உடனே உணர்ந்துகொள்கிறாள். பேச்சைக் கைகேயியின் பக்கம் திருப்புகிறாள். “துன்பப்பட்டு உன்னிடம் வந்து கையேந்துவோருக்கு இனி என்ன கொடுப்பாய்? கோசலையிடம் கேட்டு வாங்கித்தான் கொடுப்பாயோ?” என்ற கருத்தில் ஒரு கேள்வி கேட்கிறாள். அடுத்துப் பிறந்த வீட்டை நினைவூட்டுகிறாள்: சீதையின் தந்தை உன் தந்தையின்மேல் படையெடுக்காமல் இருப்பது உன் கணவனுக்கு அஞ்சித்தானே, நாளை என்ன ஆகும்? பிறகு, பரதனின் எதிர்காலம்.

கொடுக்கும் கை, பிறந்த வீடு, பெற்ற மகன் ஆகிய இம்மூன்றில் எது தீயது? மூன்றும் ஒரு பெண்ணின் நல்ல ஆசைகளே. கூனி கைகேயியின் உள்ளத்தில் புதிய தீமை ஒன்றையும் கொண்டுபோய் வைக்கவில்லை. அங்கே இருந்த அன்பையே எடுத்து, அதில் அச்சத்தைக் கலந்தாள். சம்பரனோடு நடந்த போரின்போது தசரதன் கொடுத்த இரு வரங்களை அவள் நினைவூட்டுவது அதற்குப் பிறகுதான். கருவியை முதலில் கொடுக்கவில்லை. மனத்தை ஆயத்தப்படுத்திவிட்டே கொடுத்தாள். நம் மாணவிக்குப் பயம் வந்தது இதனால்தான்.

பெயரில்லாப் பொற்கொல்லன்

சிலப்பதிகாரத்தின் தீயவனுக்குப் பெயரே இல்லை. அவன் ஒரு பொற்கொல்லன், அவ்வளவே. மாதவிக்கும் மாதரிக்கும் பெயர் சூட்டிய இளங்கோவடிகள் இவனுக்குப் பெயர் சூட்டவில்லை.

இவன் கோவலனுக்குப் பகைவனும் அல்லன். பாண்டிமாதேவியின் காற்சிலம்பைத் திருடியவன் இவனே. என்றாவது ஒரு நாள் அகப்பட்டுக்கொள்வோம் என்ற அச்சத்தோடு இருக்கிறான். அந்த வேளையில் அயலூரான் ஒருவன் எதிரே வந்து, அரசிக்கு ஏற்ற சிலம்பு ஒன்றை விலை மதித்துத் தர முடியுமா என்று கேட்கிறான். தான் தப்பிக்கும் வழி பொற்கொல்லனுக்குப் புலப்பட்டுவிட்டது. சினமோ பகையோ இல்லாமல், தன்னைக் காத்துக்கொள்ள மட்டுமே ஓர் உயிரைப் பலியிடுகிறான். இந்தத் தீமை மிகச் சாதாரணமானது, ஆகவேதான் அஞ்சத்தக்கது.

இவன் நுழைந்த வாயில் எது? அரசன் அப்போது ஊடல் கொண்ட தேவியின் கோயிலை நோக்கி விரைந்துகொண்டிருந்தான். அந்த அவசர வேளையில் வந்து, “சிலம்பு திருடிய கள்வன் என் குடிலில் இருக்கிறான்” என்கிறான் பொற்கொல்லன். சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவருமாறு அரசன் ஆணையிடுகிறான். ஆராய ஒரு நாழிகை போதும். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். தேவியின் சிலம்பில் முத்துப் பரல். ஒன்றை உடைத்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். பிற்பாடு உடைத்தார்கள், கோவலன் உயிரோடு இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். காவலர் கோவலனைப் பார்த்தவுடன், இவன் கள்வன்போல் தோன்றவில்லையே என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாகும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டையும் விரித்துரைக்கிறான், கதைகளும் சொல்கிறான். அப்பேச்சில் கல்வி இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, சுவைகூட இருக்கிறது. கோவலனைப் பற்றிய சான்று மட்டும் ஒன்றும் இல்லை. அழகாகப் பேசுவதும் உண்மை பேசுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தமிழில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்தக் காப்பியம் மற்றொரு கொடுமையையும் பதிவு செய்கிறது. பின்னர்க் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒருவன் செய்த குற்றத்திற்கு அவன் தொழிலார் ஆயிரவர் உயிர்! தீயவனை வெறுக்கும் வெறுப்பும் ஆராயாமல் பாய்ந்தால், அதுவும் அவன் செய்த வேலையையே செய்துவிடும். கதையைப் படித்து, “பொற்கொல்லன் ஒழிக” என்று சொல்லிப் புத்தகத்தை மூடுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

நேர்மையாளன் என்று பெயரெடுத்த இயாகோ

ஆங்கில இலக்கியத்திலும் இத்தகைய ஒருவன் உண்டு. ஷேக்ஸ்பியர் 1603, 1604-ஆம் ஆண்டுகளை ஒட்டி எழுதிய ஒத்தெல்லோ நாடகத்தில் வரும் இயாகோ அவன். நாடகம் தலைவன் பெயரைத் தாங்கியிருந்தாலும், தலைவனைவிட இவனுக்கே பேச்சு அதிகம். வெனிஸ் நகரப் படைத்தலைவனான ஒத்தெல்லோ தனக்கு அடுத்த பதவியைக் காசியோவிற்குக் கொடுத்துவிட்டான் என்பது இயாகோவின் குறை. பிறகு வேறு காரணங்களும் சொல்கிறான். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ், இவனுடைய தீமைக்கு உண்மையான காரணமே இல்லை, காரணத்தைத் தேடி அலைகிற தீமை இது என்னும் கருத்துப்பட எழுதினார்.

இயாகோவின் திறமை எதில் இருக்கிறது? தொடக்கத்தில் அவன் பெரிய பொய் எதுவும் சொல்வதில்லை. காசியோ டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுப் போவதைப் பார்த்து, தனக்குள் பேசுவதுபோல் ஏதோ முணுமுணுக்கிறான். “என்ன சொன்னாய்?” என்று ஒத்தெல்லோ கேட்டால், “ஒன்றுமில்லை” என்கிறான். மேலும் கேட்டால், சொல்ல மனமில்லாதவன்போல் தயங்குகிறான். பொறாமை கொள்ள வேண்டாம் என்று அவனே அறிவுரையும் சொல்கிறான்! மீதியை ஒத்தெல்லோவின் மனமே எழுதிக்கொள்கிறது.

ஒத்தெல்லோ மாபெரும் வீரன். ஆனால் அந்நகரில் அவன் வேற்று நிறத்தான், வேற்று நாட்டான். இத்தனை அழகும் குலமும் உடைய பெண் நம்மை உண்மையாகவே நேசிப்பாளா என்ற ஐயம் அவன் உள்ளத்தின் ஆழத்தில் இருந்தது. அந்த ஐயமே இயாகோவிற்கு வாயிலாயிற்று. பிறகு ஒரு கைக்குட்டை போதுமானதாகிவிட்டது.

இந்த நாடகத்தில் எமிலியாவை மறந்துவிடாதீர்கள். இவள் இயாகோவின் மனைவி. டெஸ்டிமோனா தவறவிட்ட கைக்குட்டையை எடுத்துக் கணவனிடம் கொடுத்தவள் இவளே. எதற்கென்று அவளுக்குத் தெரியாது. தலைவி அதைத் தேடித் தவித்தபோதும் எமிலியா உண்மையைச் சொல்லவில்லை. இறுதியில் எல்லாம் விளங்கியதும், கணவன் வாளை உருவியபோதும் அஞ்சாமல் உண்மையைச் சொல்லி அவன் கையாலேயே மடிகிறாள். அவள் துணிவைப் போற்றுகிறோம். ஆனால் அத்துணிவு சற்று முன்னே வந்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும்.

குடிலன்: புகழ்ச்சி என்னும் சுரங்கம்

காலைதோறும் பள்ளி வழிபாட்டில் நாம் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து, பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயம் என்னும் நாடக நூலில் உள்ளது. 1970-இல் அது அரசு விழாக்களுக்குரிய வாழ்த்தாயிற்று. அந்தப் பாடலை நாம் அனைவரும் அறிவோம். அதே நூலில் வாழும் குடிலனை அறிந்தவர் சிலரே. லிட்டன் பிரபு எழுதிய ‘இரகசிய வழி’ என்னும் ஆங்கிலக் கதையைத் தழுவியது இந்நாடகம்.

பாண்டியன் சீவகனின் அமைச்சன் குடிலன். அவன் சொல்லைக் கேட்டே அரசன் மதுரையைவிட்டு நெல்வேலியில் புதுக்கோட்டை கட்டிக் குடியேறுகிறான். சீவகன் தீயவன் அல்லன். தன் கோட்டையைப் பிறர் புகழக் கேட்பதில் ஆசையுள்ளவன். சுந்தர முனிவர் எச்சரிக்கிறார், குடிலன் புகழ்கிறான். எச்சரிக்கை கசந்தது, புகழ்ச்சி இனித்தது. குடிலன் சேரனோடு போரை மூட்டுகிறான். உண்மையாய் நின்ற நாராயணன்மேல் பழி சுமத்துகிறான். அதையும் அரசன் நம்புகிறான்.

முடிவு மிக நுட்பமானது. முனிவர் ஆபத்து வேளைக்கென்று அமைத்திருந்த சுருங்கை வழியைக் கண்டுபிடித்து, அதன் வழியே பகைவன் பாசறைக்கே சென்று, கோட்டையைக் காட்டிக்கொடுப்பதாகப் பேரம் பேசுகிறான் குடிலன். சேர மன்னன் புருடோத்தமன் அவனை மதிக்கவில்லை. விலங்கிட்டு இழுத்து வருகிறான். எல்லாருடைய உள்ளத்தையும் அளந்த குடிலன், நேர்மையுள்ள ஒருவனின் உள்ளத்தை அளக்கத் தவறிவிட்டான். திறக்க முடியாத கதவும் உண்டு என்பது அவனுக்குத் தெரியவில்லை.

நந்தினி: காரணம் வேறு, நியாயம் வேறு

நம் நூலகத்தில் அதிகமாகக் கைமாறும் நூல் கல்கியின் பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த கதை. படித்துத் திருப்பிக் கொடுக்க வரும் மாணவியரிடம் யாரைப் பிடித்தது என்று கேட்பேன். வந்தியத்தேவன், குந்தவை என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “நந்தினியும்...” என்பார்கள்.

நந்தினி கல்கியின் கற்பனைப் படைப்பு. ஆதித்த கரிகாலன் கொலையும், அதில் தொடர்புடைய ரவிதாசன் முதலியோரின் பெயரும் சோழர் கல்வெட்டில் உள்ளவை. நந்தினி அங்கே இல்லை. ஆனால் கதையில் அவளே உயிர். அடிபட்டுக் கிடந்த வீரபாண்டியனின் உயிருக்காகக் காலில் விழுந்து கெஞ்சினாள், கரிகாலன் கேட்கவில்லை. அந்தக் காட்சி அவளை வாழ்நாள் முழுதும் விடவில்லை. முதியவரான பெரிய பழுவேட்டரையரின் அன்பையே தன் சூழ்ச்சிக்குக் கருவியாக்கினாள்.

அவள் துயரைப் படிக்கும்போது நம் கண் கலங்குகிறது. கலங்கட்டும்; தவறில்லை. ஆனால் ஒருவர் செய்த தீமைக்குக் காரணம் தெரிந்துவிட்டால், அது நியாயமாகிவிடாது. பட்ட புண் அவளுடையது. அந்தப் புண்ணுக்கு விலை கொடுத்தவர்களோ பழுவேட்டரையரைப் போன்ற பலர். இரக்கத்தையும் தீர்ப்பையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளப் பழக்குவது நல்ல இலக்கியத்தின் வேலை.

இராவணனின் இரு செவிகள்

தீயவர் வரிசையில் இராவணனைச் சொல்லாமல் விடமுடியாது. வீரம், இசை, வேத அறிவு என எல்லாவற்றையும் கம்பர் அவனுக்கு வாரி வழங்கினார். ஆயினும் அவனும் ஒருவகையில் கேட்டுக் கெட்டவனே. சூர்ப்பணகை வந்து சீதையின் அழகைச் சொன்னபோது அவன் செவி முழுவதும் திறந்திருந்தது. வீடணன் சொன்னான், கும்பகர்ணன் சொன்னான், கடைசியில் மகன் இந்திரசித்தனே சொன்னான். அப்போதெல்லாம் அச்செவி மூடிக்கொண்டது. தம்பியர் இருவரும் மகனும் சொல்லியும் கேளாதவனுக்கு இலங்கை முழுவதும் என்ன பயன் தந்தது?

நான் அறிந்த ஒரு தீயவள்

இதுவரை நூல்களைப் பற்றிச் சொன்னேன். இனி, எந்த நூலிலும் வராத ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் விடுதியில் தங்கிப் படித்த காலம். என் தோழியின் மைப் பேனா காணாமற் போயிற்று. அவள் அப்பா வாங்கிக் கொடுத்த பேனா. அவள் அழுதுகொண்டே எல்லாரையும் கேட்டாள். நான், “யாரையும் நான் குறை சொல்லவில்லை, ஆனால் நேற்று மாலை அவள் உன் பெட்டியருகே நின்றாள்” என்று வேறொரு பெண்ணைக் காட்டினேன். நான் சொன்னது பொய்யல்ல. அப்பெண் அங்கே நின்றது உண்மை. அந்த வாரம் கட்டுரைப் போட்டியில் எனக்குக் கிடைக்க வேண்டிய முதற் பரிசு அவளுக்குக் கிடைத்திருந்ததும் உண்மை. அதை மட்டும் நான் சொல்லவில்லை.

அன்று முதல் சாப்பாட்டு அறையில் அவளருகே யாரும் உட்காரவில்லை. பத்து நாள் கழித்து, பேனா தோழியின் பழைய பையின் கிழிந்த உட்துணிக்குள் கிடைத்தது. எல்லாரும் சிரித்து மறந்தனர். அப்பெண் மறக்கவில்லை என்பதை அவள் முகம் சொல்லிற்று. தேர்வு முடிந்ததும் அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நினைத்த நாளில் அவள் முகவரி என்னிடம் இல்லை.

கல்லூரியில் ஒத்தெல்லோவைப் படித்தபோது, இயாகோ “ஒன்றுமில்லை” என்று தயங்கும் இடத்தில் எனக்கு உடல் சில்லிட்டது. அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருந்தேன்; அது என் குரல்.

படிக்கும் முறை

ஆகவே மாணவியரே, ஒரு கதையில் தீயவர் வரும்போது பின்வரும் நான்கு வினாக்களை எழுப்பிப் பாருங்கள்.

1. இவர் சொல்வதில் உண்மையான பகுதி எது? முழுப் பொய்யைவிட, உண்மை கலந்த பொய்யே நெடுந்தூரம் செல்லும்.

2. இவர் யாருடைய எந்தக் குறையை வாயிலாகக் கொண்டார்? கைகேயிக்குத் தாய்மையின் அச்சம், பாண்டியனுக்கு அவசரம், ஒத்தெல்லோவிற்கு ஐயம், சீவகனுக்குப் புகழாசை.

3. உண்மை தெரிந்தும், அல்லது ஐயம் எழுந்தும், வாய் மூடியிருந்தவர் யார்? கோவலனைக் கண்டு தயங்கிய காவலர் அந்தத் தயக்கத்தை அரசனிடம் போய்ச் சொல்லியிருந்தால்?

4. இவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன்? இதற்கு விடையை யாரிடமும் சொல்ல வேண்டாம். உங்களுக்கு நீங்களே மறைக்காமல் சொல்லிக்கொண்டால் போதும்.

முடிவுரை

நல்ல கதையின் தீயவர் கொம்பும் கோரைப்பல்லும் உடையவர் அல்லர். அவர்கள் நம்மைப் போலவே பேசுகிறார்கள். நம் மனத்தை நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள். அவர்களை நாம் மறக்க முடியாததற்கு அதுவே காரணம். நம் வீட்டின் எந்தக் கதவு தாழிடப்படவில்லை என்பதை அவர்கள் காட்டிவிடுகிறார்கள். கதையில் பார்த்துக்கொண்டால் வாழ்க்கையில் தாழிட்டுக்கொள்ளலாம். அந்தக் கதவின் வழியே தீமை உள்ளே வருவது மட்டுமன்று, வெளியே போவதும் உண்டு என்பதை என் விடுதி அனுபவம் எனக்குக் கற்பித்தது.

கூனியாக நடித்த மாணவி இவ்வாண்டு மேல்வகுப்பில் படிக்கிறாள். சில நாள்களுக்கு முன் அவள் வகுப்பில் ஒருத்தியின் கடிகாரம் காணவில்லை என்று சலசலப்பு எழுந்தது. “இன்னார்தான் எடுத்திருப்பாள்” என்று யாரோ தொடங்க, இவள் எழுந்து, “பார்த்தாயா? பார்க்கவில்லையென்றால் சொல்லாதே” என்றாளாம். கடிகாரம் குழாயடியில் கிடைத்தது.

செய்தியைக் கேட்டபோது, விழா மேடையில் அவளுக்குக் கிடைத்த கைதட்டலை நினைத்துக்கொண்டேன். அன்று நானும் கை தட்டினேன். ஆனால் இந்த மூன்று சொற்களுக்கு அதைவிடப் பலமாகத் தட்டியிருக்க வேண்டும்.